புதிய செயலி பொருத்துதல் தொடர்பாக

பெயர்த் திருத்த ஆணையகத்தின் படியை வாழ்நாளில் ஒருமுறைகூட மிதிக்காதவர்கள் புண்ணியவான்கள். மற்றவர்களுக்கு அந்தக் கட்டடம் நன்றாகவே தெரியும். பெயரில் இல்லாத கொம்பு முளைத்தவர்கள், இருந்த காலை இழந்தவர்கள், தலைக்கு மேல் இருந்த புள்ளி பறிபோனவர்கள் எல்லாரும் காலையிலேயே வந்து தரைத்தளத்து பெஞ்சுகளில் உட்கார்ந்துவிடுவார்கள். விவரம் தெரியாமல் எட்டிப் பார்க்கிறவர்கள் ஏதோ எலும்பு முறிவு ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஆஸ்பத்திரியில் சில பேராவது குணமாகி வீட்டுக்குப் போவார்கள்.

மேலே மாடிக்கு மாடி பிரிவுகள். உயிரெழுத்துப் பிரிவு, மெய்யெழுத்துப் பிரிவு, உயிர்மெய்யெழுத்துப் பிரிவு. ஆய்த எழுத்துக்கென்று தனிப் பிரிவும் உண்டு. அதில் புள்ளிக்கு ஒருவர் வீதம் மூன்று அதிகாரிகள். ஆணையகம் தொடங்கிய நாள்முதல் யாருடைய பெயரிலும் ஆய்தத்தில் பிழை வந்ததில்லை. அதைத் தங்கள் பிரிவின் சாதனை என்று அவர்கள் ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் எழுதி வருகிறார்கள்.

இத்தனை பேரும் பார்த்து, குறிப்பெழுதி, கையெழுத்துப் போட்டு இறக்கிவிடும் திருத்தத்தைக் கடைசியில் கணினியில் அடித்து, சான்றிதழாக அச்செடுத்து, உரியவர் கையில் கொடுப்பது தரைத்தளத்தில் ஒரே ஒரு பெண். ஆபரேட்டரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அம்மா இன்னும் தற்காலிகம்.

அதற்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆணையகத்தின் எந்தக் காகிதத்திலும் பிறமொழிச் சொல் வரக் கூடாது என்பது விதி. 'ஆபரேட்டர்' பிறமொழிச் சொல். ஆகவே அப்படியொரு பதவியை நிரந்தரப் பட்டியலில் எழுத முடியாது. எழுத முடியாத பதவியில் ஒருவரை எப்படி நிரந்தரமாக்குவது? தமிழில் 'இயக்குநர்' என்று வைக்கலாம் என்று யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். ஆணையகத்தின் இயக்குநர், ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். 'இயக்கி' என்று வைக்கலாமா என்று பார்த்தார்கள். அந்தச் சொல் பெண் தெய்வத்தையும் குறிக்கும், தெய்வத்துக்குச் சம்பளம் கொடுக்க விதியில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவளுடைய பதவிக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல சொல் கிடைப்பது அவ்வளவு சுலபமா?

சொல் தேடும் பொறுப்பு சொல்லாய்வு அலுவலருடையது. சிவப்புப் பேனாவை மேசையில் வைத்து யாரும் பார்த்ததில்லை. அது எப்போதும் அவர் கையிலேயே இருக்கும். அலுவலகத்தில் அவரை 'அகராதி' என்பார்கள். நிறையச் சொற்கள் தெரிந்திருப்பதால் வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். வருட முடிவுக்குள் குறித்த அளவுக்குச் சான்றிதழ் கொடுத்து முடிக்காத தற்காலிக ஊழியர்களுக்குப் பணி நீட்டிப்பு கிடையாது. ஊழியர்கள் என்று பன்மையில் இருந்ததே தவிர, அந்தக் கட்டடத்தில் தற்காலிகம் அவள் ஒருத்திதான். நிரந்தரமானவர்களுக்கு எண்ணிக்கை எதுவும் விதிக்கப்படவில்லை. அவர்கள் தரத்தில் கவனம் செலுத்துவார்கள் என்று சுற்றறிக்கை சொல்லியது.

கை வேகத்தில் அவளுக்குக் குறையில்லை. குறையெல்லாம் அந்தக் கணினியில். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய், குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்து, மேசையைத் துடைத்து, பெஞ்சில் இருப்பவர்களுக்கு வரிசைச் சீட்டு கொடுத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பெயரை அடித்தால் முதலெழுத்து திரைக்கு வருவதற்குள் கடைசி எழுத்து எதுவென்று மறந்துவிடும். அச்சுக்குக் கொடுத்தாலோ உள்ளே விசிறி ஓலமிடும், பெட்டி சுடும், திரை அப்படியே உறைந்துவிடும். இந்த லட்சணத்தில் எண்ணிக்கையை எட்டுவது எங்கே? வேலை போனால் மகளின் படிப்பு பாதியில் நிற்கும். அவள் கணவர் கடைத்தெருவில் மிக்ஸியிலிருந்து கணினி வரை பழுது பார்க்கிறவர். அந்த வருமானம் கடை வாடகைக்கும் வாய்க்கும் சரியாகப் போய்விடும்.

ஒரு நாள் அவளை அழைத்துப் போக வந்த கணவர் அந்தக் கணினியை நோட்டம் விட்டார்.

"போர்டு நல்ல போர்டுதான். ப்ராசஸர்தான் ரொம்பப் பழசு" என்றார். "இதே சாக்கெட்ல இதைவிட நாலு மடங்கு வேகமானது உக்காரும். இப்பல்லாம் யாரும் அதைச் சீண்டுறதில்லை, கடையில சும்மா கிடக்குது. பழசைக் கழட்டி, புதுசை வெச்சு, மேல கொஞ்சம் பேஸ்ட் தடவி ஃபேனை மாட்டினா முடிஞ்சுது. ஒரு டீ ஆறுறதுக்குள்ள பண்ணிடலாம்."

அப்படியானால் இப்போதே செய்துவிடுங்களேன் என்றாள் அவள். அவர் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆணையகத்தின் முத்திரை அரக்கில் பதிந்திருந்தது. அதை உடைத்தால் ப்ராசஸர் உள்ளே போகிறதோ இல்லையோ, தான் உள்ளே போவது நிச்சயம் என்றும், முறைப்படி எழுதிக் கேட்பதே நல்லது என்றும் சொன்னார். முறைப்படி போனால் நல்லது நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு அவர் அந்த அலுவலகத்துக்கு வெளியிலேயே வாழ்ந்தவர்.

அவள் எழுதிக் கேட்டாள். தன் கணினியின் ப்ராசஸரை மாற்றித் தர வேண்டும் என்று ஒரே வரி. மறுநாளே காகிதம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. அவள் அகராதியிடம் போய் நின்றாள். அவர் வீட்டில் உப்பு கேட்பதுகூட எழுத்துத் தமிழில்தான் என்பார்கள்.

"மெய்யெழுத்தில் ஒரு சொல் தொடங்கலாமா அம்மா? இது சொல் அன்று, தும்மல்" என்றார்.

அவர் அந்த இடத்தில் தம் கையாலேயே 'செயலி' என்று எழுதிக் கொடுத்தார். பழைய செயலியை அகற்றிப் புதிய செயலி பொருத்தித் தருமாறு வேண்டுகிறேன் என்று அவள் திருத்தி எழுதி, மேலாளரிடம் கொடுத்தாள். மேலாளரின் பெயர் எதுவாக இருந்தாலும் அலுவலகத்தில் அவர் 'பார்க்கலாம்'தான். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வரும். அவருக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும் பெண் வீட்டாரிடம் அதைத்தான் சொன்னாராம். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமும் பார்க்கலாம் என்றார்.

காகிதம் இயக்குநரின் மேசைக்குப் போனது. அவருக்குச் செயலி என்றால் கைப்பேசியில் இருப்பது. அவர் மகன் அவருக்கு அதில் பேரனின் படம் பார்க்கக் கற்றுக் கொடுத்திருந்தான். தரைத்தளத்து ஊழியர் ஒருத்திக்கு இப்படியொரு நவீனச் சிந்தனை வந்துவிட்டதே, தமக்கு முன்னால் வந்துவிட்டதே என்று அவர் பதறிப்போனார். அடுத்த மாதத்துக்குள் 'பெயர்த் திருத்தச் செயலி' தயாராகிவிட்டது. அதற்கு ஒரு திறப்பு விழாவும் நடந்தது. விழா தரைத்தளத்திலேயே நடந்ததால் அன்று பெஞ்சுகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களையும்தான்.

இயக்குநர் மேடையில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "பொதுமக்கள் இங்கே வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து என் மனம் வெதும்பியிருக்கிறது. தினமும் அவர்களைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. இனி அந்தக் கவலை இல்லை. இந்தச் செயலியின் மூலம் அவர்கள் தங்கள் வீட்டிலேயே வரிசையில் நிற்கலாம். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நிற்கலாம். யார் கண்ணிலும் பட மாட்டார்கள்."

மூன்று ஆய்த அதிகாரிகளும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களுக்கும் கை அசைக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா?

பெஞ்சில் தினமும் வந்து உட்காரும் இளைஞன் ஒருவன் உண்டு. சான்றிதழில் அவன் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறிப் போனதால் அரசாங்கக் கணக்கில் அவன் தன் அப்பாவுக்கே அப்பா. பெஞ்சில் எல்லாரும் அவனைத் 'தாத்தா' என்றே கூப்பிட்டார்கள். கிடைத்த வேலை கைநழுவிப் போய்விடுமே என்ற பயத்தில் முதல் ஆளாகச் செயலியை இறக்கி, தன் பெயரை அடித்தான். பதிவேட்டில் அப்படியொரு பெயர் இல்லை, பெயரைத் திருத்திக்கொண்டு மீண்டும் வரவும் என்றது செயலி. திருத்தத்தானே வந்தேன் என்று அவன் அதோடு கொஞ்ச நேரம் வாதாடினான். பிறகு பழையபடி பெஞ்சுக்கே வந்துவிட்டான்.

தப்பித் தவறி செயலிக்குள் நுழைந்துவிட்ட விண்ணப்பங்கள் நேராக ஆபரேட்டரம்மாவின் கணினிக்கு வந்து விழுந்தன. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இயந்திரம் அதோடு படுத்தேவிட்டது. முன்பெல்லாம் மதியத்துக்கு மேல்தான் உறையும். இப்போது காலையிலேயே உறைந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அவள் மறுபடியும் எழுதினாள். தான் கேட்டது கைப்பேசிச் செயலி அல்ல, பெட்டிக்குள் இருக்கும் செயலி. அதன் மேல் தடவ வெப்பப் பசையும் கொஞ்சம் தேவை. இந்த முறை பண்டகப் பிரிவு ஆச்சரியப்படும்படி சுறுசுறுப்பாக இருந்தது. காகிதம் ஒட்டும் பசை ஒரு புட்டி, மூடியில் தூரிகையோடு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு குறிப்பு: வெப்பப் பசை கையிருப்பில் இல்லை, இதைச் சற்று நேரம் வெயிலில் வைத்துப் பயன்படுத்திக்கொள்ளவும், செயலி பற்றிப் பின்னர் தெரிவிக்கப்படும். அவள் அந்தப் புட்டியை எடுத்துப் போய் வீட்டில் கணவரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வருட முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது ஆணையகத்தின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கணினியைச் சரி செய்வதைவிட அது அவசரம் என்று எல்லாருக்கும் தோன்றியது. இயக்குநர் தலைமையில் 'செயலி பொருள் வரையறைக் குழு' அமைக்கப்பட்டது. பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். முதல் கூட்டத்திலேயே ஆபரேட்டரம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் அதுவரை அந்த மாடிக்குப் போனதில்லை. நீள மேசை, குளிர்ச்சாதனம், ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே ஒரு தண்ணீர் பாட்டில். அவளுக்கு நாற்காலி இல்லை.

"செயலி எவ்வளவு நாளா இங்க இருக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆரம்பத்துலேருந்து இருக்கு சார். ரொம்பப் பழசாயிடுச்சு."

"என்ன கோளாறு?"

"மத்தியானம் ஆனா சூடாயிடுது சார். ரெண்டு வேலையை ஒண்ணாக் கொடுத்தா தாங்க மாட்டேங்குது, அப்படியே நின்னுடுது."

மேலாளர் பார்க்கலாம் அதை ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டார். கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாமே என்று மெய்யெழுத்துப் பிரிவின் தலைவர் கேட்டார். ஓய்வின் மேல் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

"அதெல்லாம் பிரயோஜனம் இல்லை சார். எடுத்துட்டு வேற வெக்கிறதுதான் நல்லது. புதுசு இதைவிட மலிவாவே கிடைக்குது" என்றாள் அவள்.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் ஊழியரைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று இயக்குநர் பாராட்டினார். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பெட்டியைத் திறந்து காட்டினால் எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். பொருளை வரையறுக்கும் குழு பொருளைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று அகராதி தெளிவுபடுத்தினார். பிறகு அவர் எழுந்தார்.

"செயலைச் செய்வது எதுவோ, அதுவே செயலி. ஆகவே இவ்வலுவலகத்தில் செயலைச் செய்வது எது என்று கண்டுவிட்டால் ஐயம் தீர்ந்தது" என்றார்.

இயக்குநர் உயிரெழுத்துப் பிரிவின் தலைவரைப் பார்த்தார். தாங்கள் மேற்பார்வை செய்வதாக அவர் சொன்னார். மெய்யெழுத்துப் பிரிவு ஒருங்கிணைப்பதாகச் சொன்னது. உயிர்மெய் கண்காணிப்பதாகச் சொன்னது. ஆய்தப் பிரிவின் மூத்தவர், தங்களுடையது விழிப்போடு காத்திருக்கும் பணி என்றார். எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் வழிகாட்டுவதாகச் சொன்னார். மேசையைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தும் செயல் என்று ஒன்று யாரிடமும் அகப்படவில்லை.

பார்க்கலாம் தொண்டையைச் செருமினார். "உள்ளதைச் சொன்னா சார், இங்க வேலை செய்யிறது இந்த அம்மா ஒருத்திதான்."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பழி தங்கள் தலையில் விழாமல் போனதில் எல்லாருக்கும் நிம்மதிதான். அகராதிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமாகத் தேடிய சொல் இதோ கையில் இருக்கிறது என்றார். ஆபரேட்டர் என்ற பதவிக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது: செயலி. ஒரே கல்லில் இரண்டு கோப்பு. குழு ஏகமனதாக ஏற்றது. எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள்.

அவள் படியில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. பதவிக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தால் நிரந்தரம். நிரந்தரமானால் எண்ணிக்கை கிடையாது. வீட்டுக்குப் போனதும் கணவரிடமும் மகளிடமும் சொன்னாள். மேலே எல்லாரும் உட்கார்ந்திருக்க, தான் ஒருத்திதான் வேலை செய்கிறவள் என்று மேலாளரே சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கணவருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அது சரி, ப்ராசஸரை மாத்துறாங்களா இல்லையா?"

"அதுக்கும் ஆர்டர் போட்டுட்டாங்களாம். புதுசு வருதாம்."

புதுசு வந்தது. அந்த வாரக் கடைசியில் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவளுடைய நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இயக்குநரின் மனைவிக்குத் தங்கை மகள். நல்ல பெண்தான், யாரைப் பார்த்தாலும் சிரித்தாள். கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டு, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் பக்கத்தில் ஒரு காகிதத்தோடு நின்றார். அகராதியும் இருந்தார். ஊழியரின் வேண்டுகோளின்படி பழைய செயலி அகற்றப்பட்டுப் புதிய செயலி பொருத்தப்படுகிறது என்று ஆணை சொல்லியது. அதில் ஒரு பிறமொழிச் சொல் கிடையாது.

ஆபரேட்டரம்மா அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை நன்றாக விளங்கியது.

"சார், நான் கேட்டது மிஷினுக்கு" என்றாள்.

"மிஷின் மேல எப்படிம்மா கை வைக்க முடியும்? அது சொத்துப் பட்டியல்ல இருக்கு. அது நிரந்தரம்" என்றார் பார்க்கலாம். "நீங்கதான் தற்காலிகம். அதுவும் நாங்களா எதுவும் சொல்லலை. பழசாயிடுச்சு, சூடாயிடுது, எடுத்துட்டு வேற வெக்கிறதுதான் நல்லதுன்னு குழுவுல நீங்களே சொன்னீங்க. நான் குறிச்சு வெச்சிருக்கேன்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம் என்று சொல்லாமல் பார்த்து முடித்திருந்தார். அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது. மனு அவளுடையது என்பதால், கேட்டது கிடைத்துவிட்டது என்று எழுதி அவளே கையெழுத்துப் போட்டால்தான் கோப்பை மூட முடியும் என்றும் சொல்லி, பேனாவை நீட்டினார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இவர்கள் முன்னால் அழுவதா என்று நினைத்ததும் அது கோபமாக மாறிவிட்டது. அவமானமும் கோபமுமாகப் பேனாவை வாங்கினாள். அவர் காட்டிய இடத்தில் எழுதினாள்.

'நான் செயலி இல்லை. மனுஷி.'

காகிதத்தை வாங்கிய பார்க்கலாம் ஒன்றும் புரியாமல் அதை அகராதியிடம் கொடுத்தார். அகராதி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் கடைசிச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, காகிதத்தை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"வடசொல் அம்மா. இதை ஏற்பதற்கில்லை. மாற்றி எழுதிக் கொண்டு வாருங்கள்."